அக்டோபர் எண்ணிக்கை

வியாழன் மதியம் பன்னிரண்டுக்குள்
ஞாயிறு அறிக்கை அச்சுக்குப் போயாக வேண்டும்.
பத்தொன்பது வருடமாய் அதைத் தட்டச்சு செய்பவள் நான்.
நான்கு கோயில், ஒரு சாமியார், ஒரே தாள்.
இந்தப் பக்கத்து விஸ்கான்சின் சாலைகளுக்குப் பெயர் கிடையாது, எழுத்துதான்:
கே-யில் திரும்பி ஜெட்-டில் ஏறினால்
சோளக்காடு முடியுமிடத்தில் புனித ஹெட்விக்.

வெள்ளி மீன் விருந்துக்கு எண்ணெய் வாங்கியாயிற்று;
போன வாரம் கொப்பரையைக் கழுவாமல் போனது யாரென்று
கிளாரன்ஸ் ட்ரெப்டோவுக்குத் தெரியும், சொல்ல மாட்டார்.
போர்வை தைக்கும் பெண்கள்
அவரவர் கத்தரிக்கோலோடு வரவும்.
புனித அன்னாவின் கொதிகலன் மறுபடி இருமுகிறது.
செவ்வாய் காலைப் பூசை
ரோமன் குபியாக்கின் ஆன்மாவுக்காக, கேட்பவர் மனைவி.
இருந்தவரை அந்த மனிதர்
ஒரு செவ்வாயும் பூசைக்கு எழுந்ததில்லை.
இதை நான் அச்சிடவில்லை.

பிறகு ஆயர் இல்லத்துக் கடிதம்.
அக்டோபர் ஞாயிறுகளில் தலைகளை எண்ணி அனுப்புக.
கைக்குழந்தை கணக்கில் உண்டு.
குருவைச் சேர்க்க வேண்டாம்.
காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையுமில்லை.
இதே போன்ற கடிதத்துக்குப் பின்தான்
புனித ஸ்தனிஸ்லாஸ் பூட்டப்பட்டது.
அதன் மணி இப்போது நெடுஞ்சாலை மதுக்கடையில்,
கடைசிச் சுற்றுக்கு அடிக்கிறார்கள்.

ஹெட்விக்கில் எண்ணுபவர் வெர்லின் ஜாஸ்கோல்ஸ்கி.
வான்கோழிக் குஞ்சு எண்ணும் கிளிக்கர்
ஞாயிறு கோட்டின் பையில்.
முதல் வாரம் பதினொன்று.
பின்வாசல் வழியே சுற்றி வந்து மறுபடி எண்ணினார்.
பதினொன்று.
ஆர்கன் வாசிக்கும் மேவிஸின் காலடியில் படுத்திருந்த நாயை
நெடுநேரம் பார்த்தார்.
பதினொன்று என்றே எழுதினார்.

அடுத்த அறிக்கையில்
'ஒன்பதரை, புனித அன்னா.
பதினொன்று, புனித ஹெட்விக்'
என்றிருக்க வேண்டிய இடத்தில்
நடுவே மூன்று சொல் விழுந்துவிட்டது.
'ஒன்பதரை, புனித ஹெட்விக்.'
ஒபியோரா சாமியார் வந்து ஐந்து மாதம்தான்,
அவரும் தாளைப் பார்த்துத்தான் காரை ஓட்டுகிறார்.

அறுத்த சோளத்தட்டைகள் மேல் கார்களை நிறுத்திவிட்டு
அன்னாக்காரர்கள் வந்தார்கள்.
கல்லறை வேலி யாருடையது என்ற பழைய சண்டையில்
தாத்தன் காலத்திலிருந்தே
இந்தப் படியேறாத குடும்பம் ஒன்று
முதல் வரிசையில் போய் உட்கார்ந்தது.
அது ஃப்ளோரியன் நோவிட்ஸ்கியின் இடம்.
அவர் நின்றார், இருமினார்,
பிறகு இரண்டாம் வரிசையும் இருக்கிறது என்று
எழுபது வயதில் கண்டுபிடித்தார்.
'தூயவர், தூயவர்' பாடி முடிந்தும்
பின்னாலிருந்து கிளிக், கிளிக்.

எண்பத்து நான்கு.
காபி பாதியில் தீர்ந்தது.
யாரோ காரிலிருந்து எடுத்து வந்த கேக்கை
சாவியால் வெட்டிப் பகிர்ந்தார்கள்.
வெர்லின் தாளோடு என்னிடம் வந்தார்.
'இதை எழுதலாமா?'
'வந்தவர்களைத்தானே எண்ணச் சொன்னார்கள்.'
'அப்போது அன்னாவுக்கு?'

அதை நான் யோசிக்கவே இல்லை.
அன்னாவின் கட்டம் வெறுமையாய் என்னைப் பார்த்தது.
மாலையில் தொலைபேசியில் டுவேன் ஷ்மிட்கே:
காலை ஒன்பதிலிருந்து அங்கே நிலவறையில்
கொதிகலன் முன் முழந்தாளிட்டிருந்தாராம்.
மேலே ஏன் ஒரு காலடிச் சத்தமும் இல்லை என்று கேட்டார்.
ஒன்று, என்று எழுதினேன்.

சனிக்கிழமை நாலேகால் மணிக்குப் பாவசங்கீர்த்தனம்.
தட்டுக்கு அப்பால் சாமியார் கேட்டார்,
'அந்த மூன்று சொல், தானாக விழுந்ததா?'
கம்பளிக் கையுறையைக் கழற்றினேன், போட்டேன்.
பிறகு சொன்னதை
இந்தத் தாளிலும் அச்சிடுவதாயில்லை.

மூன்றாம் ஞாயிறு ஹெட்விக்கில் பதின்மூன்று.
கூடுதல் இருவர் அன்னாக்காரர்கள்,
கேக் தட்டைத் திரும்ப வாங்க வந்தவர்கள்.
அதைக் கழுவிவைத்தது யாரென்று கிளாரன்ஸுக்குத் தெரியும்.
பூசை முடியும்வரை யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.